ஒரு ஏக்கர்ல சின்னதா ஒரு காடு: நிலம் தேடுறதுல இருந்து அஞ்சாவது வருஷம் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

லாபம் பாக்குறதுக்கு இல்லாம, லீவு நாள்ல போய் உக்காரவும் நாலு பறவை பாக்கவும் ஒரு துண்டு நிலம் வாங்கி அதை காடா விடணும்னு ஆசைப்படுறவங்களுக்கு இது. விழுப்புரம், கடலூர், புதுக்கோட்டை, சிவகங்கை பக்கம் இருக்க மானாவாரி செம்மண் பூமியை மனசுல வச்சு எழுதியிருக்கேன். மலைப்பகுதிக்கு சட்டமே வேற, அதை 3வது பகுதில சொல்றேன்.

புதுசா வர்றவங்க செடி விஷயத்துல பெருசா தப்பு பண்றதில்ல, வரிசைலதான் தப்பு பண்றாங்க. பத்திரம் முடிஞ்ச மறுநாளே ஜேசிபி, அடுத்த வாரம் செடி, எல்லாத்தையும் ஆடு மேஞ்சதுக்கு அப்புறம் வேலி. இதை அப்படியே திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

1. எவ்வளவு, எவ்வளவு தூரம்

ஒரு ஏக்கர்னா 100 சென்ட், 43,560 சதுர அடி. வீட்டு மனை மட்டுமே பாத்துப் பழகினவங்களுக்கு அதோட அளவு புரியறதுக்கே நாளாகும். தனி ஆளா கவனிச்சுக்க ஒண்ணுல இருந்து ரெண்டு ஏக்கர் சரியா இருக்கும், அதுக்கு மேல போனா கூலி ஆள் இல்லாம நடக்காது.

அளவை விட தூரம் முக்கியம். வீட்டுல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள இருக்கணும். முதல் ரெண்டு கோடைல அடிக்கடி போக வேண்டி வரும், அஞ்சு மணி நேரம் ஓட்டிட்டுப் போற நிலத்துக்கு மூணாவது மாசத்துல இருந்து யாரும் போறதில்ல, விலை கம்மியா இருக்குன்னு தூரமா வாங்கினவங்க பலரோட நிலம் இன்னைக்கு வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்) காடாதான் கிடக்கு.

2. நிலத்தை ரெண்டு பருவத்துல பாருங்க

புரோக்கர் கூட்டிட்டுப் போறது பெரும்பாலும் மழை முடிஞ்ச மார்கழி, தை மாசத்துல. அப்ப எல்லா நிலமும் பச்சையா அழகாதான் இருக்கும். சித்திரைல ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழைல ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணுங்க. கோடைல எந்த மரம் தண்ணி இல்லாம உயிரோட நிக்குதுன்னு தெரியும், மழைல எங்க தண்ணி தேங்குது, எந்தப் பக்கம் மண்ணு அரிச்சுட்டு ஓடுதுன்னு தெரியும்.

பாக்க வேண்டியது பல இருக்கு. முதல்ல தரை. புதர், முள்ளு, வெட்டின மரத்தோட அடிக்கட்டை இதெல்லாம் கிடக்குற நிலம்னா சந்தோஷப்படுங்க. அந்தக் கட்டைக்கு அடில வேர் உயிரோட இருக்கும், ஆடும் அரிவாளும் படாம இருந்தா அதுவே மரமா எந்திரிக்கும். பல வருஷம் உழுது கடலை போட்ட நிலம் பாக்க சுத்தமா இருக்கும், ஆனா அங்க வேரும் இல்ல விதையும் இல்ல, எல்லாத்தையும் நீங்கதான் நடணும். காடு வளக்கணும்னா புதர் மண்டின நிலம்தான் நல்ல நிலம், விலையும் பெரும்பாலும் கம்மி.

அடுத்து மண்ணு. நாலு அடிக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்க, அதுக்கு காசு குடுக்க யோசிக்காதீங்க. ரெண்டு அடில பாறையோ சுக்கானோ (சுண்ணாம்புக் கல் அடுக்கு) தட்டுச்சுன்னா பெரிய மரம் வேர் இறங்காது. குழில தண்ணிய ஊத்தி வைங்க, மறுநாள் போய்ப் பாக்கும்போது பாதிக்கு மேல அப்படியே நின்னா அது வடியாத மண்ணு, அங்க நடுறதுக்கு மர வகைய மாத்த வேண்டி வரும். மேல வெள்ளையா உப்பு பூத்திருந்தா அது உவர் நிலம், புது ஆளுங்களுக்கு வேணாம்.

நிலத்தோட வடிவத்தை யாரும் பாக்குறதே இல்ல. சதுரமான ஒரு ஏக்கருக்கு சுத்தளவு சுமார் 835 அடி. அதே ஏக்கர் 100 அடி அகலத்துல நீட்டமா இருந்தா 1,070 அடி தாண்டிடும். வேலிச் செலவு அந்தளவுக்கு ஏறும். அதோட குறுகலான துண்டுல நடுக்காடுன்னு ஒண்ணு வரவே வராது, எங்க நின்னாலும் ஓரம்தான், வெயிலும் காத்தும் உள்ள பூந்துடும்.

கடைசியா பாதை. "பக்கத்துக் காட்டுக்காரர் விடுவாருங்க, நம்ம அண்ணன்தான்"னு சொல்ற நிலத்தை அந்த அண்ணனோட பையன் வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுட்டு வாங்குங்க. புலப்படத்துல (சர்வே நம்பருக்கு அரசாங்கம் போட்டு வச்சிருக்க எல்லை வரைபடம்) வண்டிப்பாதை இருக்கணும், இல்ல உங்க பத்திரத்துலயே வழிப்பாதை உரிமை எழுதியிருக்கணும், வாய்ப்பேச்சு எடுபடாது.

3. பேப்பர்: இங்க அவசரப்படவே கூடாது

தமிழ்நாட்டுல விவசாய நிலம் வாங்க நீங்க விவசாயியா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ஆனா என்ஆர்ஐயா இருந்தா ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மை) சட்டப்படி விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ காசு குடுத்து வாங்க முடியாது, பரம்பரைல வந்ததை வச்சுக்கலாம், அவ்வளவுதான். அப்பா பேர்ல வாங்குறேன் மாமா பேர்ல வாங்குறேன்னு குறுக்கு வழி தேடுறவங்க முதல்ல ஒரு லாயரைப் பாருங்க.

அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம், அடங்கல், 30 வருஷ வில்லங்கம், தாய்ப்பத்திரத்துல இருந்து எல்லா மூலப் பத்திரமும் கைக்கு வரணும். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூணும் அரசாங்கத்தோட இ-சேவை சைட்லயே சர்வே நம்பர் போட்டா வரும், வில்லங்கத்தை பதிவுத்துறை சைட்ல காசில்லாம பாக்கலாம். புரோக்கர் குடுக்குற ஜெராக்ஸை நம்பாம நீங்களே எடுங்க.

இதுல அ-பதிவேட்டைதான் நிறைய பேர் விட்டுடுறாங்க. நிலம் ரயத்துவாரியா (சாதாரண தனியார் பட்டா நிலம்), புறம்போக்கா, அனாதீனமா (உரிமையாளர் இல்லாத நிலம்), கோயில் நிலமா, பூமிதான நிலமா, பஞ்சமி நிலமாங்கறது அங்கதான் தெரியும். பஞ்சமி நிலம்ங்கறது 1892ல வெள்ளைக்காரன் காலத்துல பட்டியல் சாதி மக்களுக்குன்னு ஒதுக்கினது, அதை வேற யாருக்கும் விக்க முடியாது, வித்திருந்தாலும் செல்லாது, வாங்கவும் கூடாது. அரசாங்கம் நிபந்தனையோட ஒப்படை பண்ணின (ஒருத்தருக்குன்னு ஒதுக்கிக் குடுத்த) நிலமும் அப்படித்தான், பட்டா பாக்க சாதாரணமா இருக்கும், நிபந்தனை வேற பக்கத்துல ஒளிஞ்சிருக்கும்.

பட்டாவுல அளவு ஹெக்டேர், ஏர்ல இருக்கும். ஒரு ஏர்னா 2.47 சென்ட். 0-40.50ன்னு போட்டிருந்தா அது ஒரு ஏக்கர். பத்திரத்துல ஒரு ஏக்கர் 20 சென்ட்னு இருந்து பட்டாவுல 0-40.50தான் இருக்குன்னா அந்த 20 சென்ட் யார்கிட்ட இருக்குன்னு கண்டுபிடிக்காம காசு குடுக்காதீங்க.

அடுத்தது வாரிசு. விக்கிறவருக்கு அப்பா வழில வந்த சொத்துன்னா கூடப் பொறந்த அக்கா தங்கச்சி கையெழுத்து வேணும். இங்க 1989லயே பொண்ணுங்களுக்கு பங்கு குடுத்து சட்டம் வந்துடுச்சு, 2005ல நாடு முழுக்க வந்துச்சு. "கல்யாணத்துலயே சீர் செஞ்சு அனுப்பிட்டோம்"ங்கற பேச்சு கோர்ட்ல நிக்காது. கூட்டுப் பட்டாவா இருந்தா உட்பிரிவு பண்ணி தனிப் பட்டா ஆக்கித் தரச் சொல்லுங்க, வாங்கினதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா மத்த பங்காளிங்க பின்னாடி வருஷக்கணக்கா நீங்கதான் அலையணும்.

அடங்கல் எதுக்குன்னா அந்த பசலில (வருவாய்த்துறை கணக்கு வருஷம்) நிலத்துல என்ன பயிர், என்ன மரம், யாரு சாகுபடின்னு தெரியறதுக்கு. வேற யாராவது குத்தகைக்கு உழுதுட்டு இருந்தா அவங்களுக்கு 1955 குத்தகைதாரர் பாதுகாப்பு சட்டப்படி உரிமை இருக்கு, நீங்க பத்திரம் வச்சிருந்தாலும் சும்மா வெளியேத்த முடியாது. ஊர்ல ரெண்டு பேர்கிட்ட டீக்கடைல கேட்டாலே விஷயம் வந்துடும்.

மலைப்பகுதி பத்தி சொன்னேன்ல. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் ஏற்கனவே காடா இருக்க பட்டா நிலத்துக்கு ஆசைப்படாதீங்க. 1949 தனியார் காடுகள் பாதுகாப்பு சட்டத்துக்குள்ள வர்ற நிலம்னா மரம் வெட்ட மட்டுமில்ல, விக்கவே முன் அனுமதி வேணும். 1955ல வந்த மலைப்பகுதி மரங்கள் சட்டம் தனி. கூடலூர் ஜென்மம் நிலம் (பழைய ஜென்மி நிலவுடைமைல இருந்தது) பக்கம் தலை வச்சே படுக்காதீங்க.

பத்திரச் செலவு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதோட எழுத்தர், லாயர், அளவை, முக்கியமா வேலி இதெல்லாத்தையும் சேத்து பட்ஜெட் போடுங்க. கையில இருக்க மொத்தக் காசையும் நிலத்துக்கே போட்டுட்டு வேலிக்கு அடுத்த வருஷம்னு சொல்றவங்களுக்கு அடுத்த வருஷம் செடி இருக்காது.

4. அளந்து கல் ஊணிட்டுதான் பாக்கிப் பணம்

அக்ரிமென்ட்லயே இதை எழுதுங்க. அரசாங்க சர்வேயருக்கு மனு போட்டு கட்டணம் கட்டி, நாலு பக்கத்துக்காரங்களையும் வச்சு அளந்து கல் ஊணணும். பக்கத்துக்காரர் அன்னைக்கு இல்லைன்னா வேற நாள் வைங்க, அவர் இல்லாம ஊணின கல்லு ஆறு மாசத்துல நகந்துடும். ஒவ்வொரு கல்லையும் போன்ல லொக்கேஷனோட போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

ரிஜிஸ்டர் ஆன உடனே பட்டா மாறிடுச்சான்னு பாருங்க, தானா மாறும்னு சொன்னாலும் உட்பிரிவு இருக்க நிலத்துக்கு பின்னாடி அலைஞ்சாதான் நடக்கும். தீர்வையை (நில வரி) வருஷா வருஷம் கட்டி ரசீதைப் பத்திரமா வைங்க, சின்ன காசுதான், ஆனா நிலம் உங்க அனுபவத்துல இருக்குங்கறதுக்கு அது ஒரு சாட்சி.

5. முதல் வேலை வேலி

வேலி போட்டா மரம் பாதி தானா வரும், வேலி இல்லாம நட்டா ஆட்டுக்கு தீவனம் போட்ட மாதிரிதான். அதனால செடிக்கு முன்னாடி இது.

கல்லுத் தூண் இல்ல சிமெண்ட் தூண் வச்சு முள்ளுக்கம்பி இழுக்குறது சாதாரணமா எல்லாரும் பண்றது. 8ல இருந்து 10 அடிக்கு ஒரு தூண்னு வச்சா சதுர ஏக்கருக்கு கிட்டத்தட்ட 85ல இருந்து 105 தூண் வரும். மூலைத் தூணுக்கு முட்டு குடுக்கணும், இல்லைன்னா கம்பிய இழுத்துக் கட்டுறப்பவே சாயும். அடிக் கம்பி ரெண்டும் நெருக்கமா இருக்கணும், வெள்ளாட்டுக் குட்டி பூந்துர்றது அங்கதான். மேல அஞ்சடிக்கு கம்பி வச்சு கீழ ஒன்றரை அடி சந்து விட்ட வேலிய நான் எத்தனையோ பாத்துட்டேன்.

கம்பி வேலி ஒரு பத்து பதினைஞ்சு வருஷம் நிக்கும். அது துருப்பிடிச்சு விழுறதுக்குள்ள உள்பக்கமா உயிர்வேலி வந்துடணும். கிளுவைப் போத்து (வெட்டி ஊணுற கிளை) இதுக்கு ரொம்ப நல்லது, கொங்கு பக்கம் கொறங்காட்டுக்கு (மேய்ச்சல் நிலம்) காலங்காலமா இதைத்தான் வேலியா வைக்கிறாங்க. இலை இல்லாம இருக்க கோடை கடைசில போத்து வெட்டி நெருக்கமா ஊணினா மழைக்கு துளிர்த்துக்கும். நடுநடுல களா, இலந்தை, கொடுக்காப்புளி. ஒதியன், பூவரசுப் போத்தும் தூணு மாதிரி நிக்கும்.

ஓரத்துல பனை விதை போடணும்னா ஆவணி புரட்டாசில போடுங்க. தண்ணி ஊத்த வேணாம். மொதல்ல கீழதான் இறங்கும், மேல ஓலை தெரியறதுக்கே நாளாகும், பொறுமை வேணும்.

ஈபி லைன்ல இருந்து நேரா கம்பிக்கு கரண்ட் குடுக்குறது குற்றம், ஆளு செத்தா கொலைக்கேஸ் மாதிரிதான் போகும். யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க.

வேலி போடுறதுக்கு முன்னாடி அந்த நிலத்துல இத்தனை நாள் ஆடு மேச்சவங்ககிட்ட போய்ப் பேசுங்க. ஒரே ராத்திரில வழிய அடைச்சா கம்பி வெட்டுப்படும். "ஆடு உள்ள வேணாம், புல்லு வேணும்னா அறுத்துட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டா அவங்களுக்கு தீவனம், உங்களுக்கு கோடைல எரியறதுக்கு புல்லு இருக்காது, அதோட நீங்க இல்லாத நாள்ல பாத்துக்க ஆளும் கிடைச்சுது.

6. முதல் வருஷம் எதையும் சுத்தம் பண்ணாதீங்க

"சார், முழுசா ஒரு இழுப்பு இழுத்து விட்டா பளிச்சுன்னு ஆயிடும்"னு ஜேசிபிக்காரர் சொல்வாரு. மணிக்கணக்குல காசு வாங்குறவரு அப்படித்தான் சொல்வாரு. அந்த ஒரு இழுப்புல போறது மேல்மண்ணு, வேர்க்கட்டை, மண்ணுக்குள்ள கிடக்குற விதை, பல்லி பாம்பு எல்லாம். அப்புறம் அதே இடத்துல முதல்ல வர்றது சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும்தான்.

வேலிய அடைச்சுட்டு ஒரு மழைக்காலம் சும்மா விடுங்க. தை மாசம் உள்ள போய் நடந்தா ஆச்சரியமா இருக்கும். வேம்பு, வெப்பாலை, நுணா, உசிலை, ஆத்தி, காரை, விடத்தலை எல்லாம் பழைய கட்டைல இருந்தும் பறவை எச்சத்துல இருந்தும் துளிர்விட்டிருக்கும். ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு மூங்கில் குச்சி நட்டு கலர் துணி கட்டுங்க. இது எதுக்குன்னா, அடுத்த தடவை புல்லு அறுக்க வர்ற ஆளுக்கு எது செடி எது களைன்னு தெரியாது, அரிவாள் வீச்சுல ரெண்டும் ஒண்ணா போயிடும். நட்ட செடிய விட தானா வந்த செடி கோடையத் தாங்கும், வேர் ஏற்கனவே ஆழத்துல இருக்கு.

ஒரு கட்டைல ஏழெட்டு கிளை அடிச்சிருந்தா நேரா இருக்க ரெண்டை மட்டும் விட்டு மத்ததை மழை முடிஞ்சதும் கழிச்சு விடுங்க. எல்லாத்தையும் விட்டா புதராவே நிக்கும். ஆனா நிலம் முழுக்க இப்படிக் கழிக்க வேணாம், கவுதாரிக்கும் கீரிக்கும் புதர்தான் வீடு, நாலுல ஒரு பங்கு இடத்தை கை வைக்காமலே விட்டுடுங்க.

7. தண்ணி: ஓடுறதை நிறுத்துங்க, அப்புறம் போர் பத்தி யோசிங்க

நம்ம மழைல கிட்டத்தட்ட பாதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீத்துடும். அது நிலத்தை விட்டு ஓடிடாம பாத்துக்கறதுதான் முதல் வேலை. சரிவுக்கு குறுக்கால, மட்டம் பாத்து, ஒன்றரை ரெண்டு அடி உயரத்துக்கு மண் வரப்பு போடுங்க. டிரான்ஸ்பரன்ட் டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பாக்கலாம், கண்ணால பாத்து போட்டா ஒரு இடத்துல தண்ணி சேந்து வரப்பு உடைச்சுக்கும். அதிகப்படி தண்ணி வெளிய போக கல்லு அடுக்கி ஒரு கலிங்கு விட்டே ஆகணும்.

ஆரோவில் 1968ல ஆரம்பிச்சப்ப அந்த இடம் அரிச்சுப் போன செம்மண் பொட்டல்தான். அங்கயும் வரப்பு போட்டு மழைத்தண்ணிய நிறுத்துறதும், காத்தைத் தடுக்க கத்திச்சவுக்கு மாதிரி முரட்டு மரத்தை விடுறதும் முதல்ல நடந்து, அதோட நிழல்லதான் உள்ளூர் காட்டு மரங்கள் வந்துச்சு. நீங்க வெளிநாட்டு மரம் வைக்கணும்னு சொல்லல, வரிசை அதுதான்னு சொல்றேன்.

தாழ்வான மூலைல ஒரு குட்டை வெட்டுங்க. ஜேசிபிக்கு நான் ஒத்துக்குற வேலை இது ஒண்ணுதான். ஒரு பக்கமாவது சரிவா இறங்கணும், கிணறு மாதிரி செங்குத்தா வெட்டினா உள்ள விழுந்த உடும்பும் முயலும் ஏற முடியாம சாகும், கொழந்தைங்களுக்கும் ஆபத்து.

8. சீமைக்கருவேலம்: ஒரே நாள்ல ஒழிக்க நினைக்காதீங்க

எல்லாரும் கோவமா இருக்க மரம் இது, கோவம் நியாயம்தான். ஆனா மேல வெட்டினா பத்து கிளையா திரும்பும். அது துளிர்க்குற மொட்டு தரைக்கு கொஞ்சம் கீழ இருக்க வேர்க்கழுத்துல இருக்கு, அதனால சுத்தி மண்ணைப் பறிச்சு, முக்கால் அடி ஒரு அடி ஆழத்துல அந்தக் கழுத்தோட சேத்து எடுக்கணும். மழை முடிஞ்சு மண்ணு இளகி இருக்கப்ப கடப்பாரைக்கு சுலபமா வரும்.

மொத்தத்தையும் ஒரே தடவைல எடுத்துட்டா வெயில்ல தரை காஞ்சு புதுசா விதை முளைக்கும். வருஷத்துக்கு மூணுல ஒரு பங்குன்னு எடுங்க. பெரிய மரத்துக்கு அடில பாருங்க, குருவி உக்காந்து போட்ட வேம்பும் நாவலும் நிழல்ல நிக்கும், அதுங்க இடுப்பளவு வந்ததும் மேல இருக்க வேலிக்காத்தானை எடுத்துடலாம். அதுவரைக்கும் காய் மட்டும் கீழ விழ விடாம கிளையக் கழிங்க, ஆடு அந்தக் காயத் தின்னுட்டுப் போட்ட புழுக்கைல இருந்துதான் ஊர் பூரா பரவுது.

9. ரெண்டாவது வருஷம்தான் நடவு

இப்பதான் எங்க வெறுமையா இருக்கு, எங்க தண்ணி நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். அந்த இடத்துல மட்டும் நடுங்க.

மியாவாகி முறைல (செடிய ரொம்ப நெருக்கமா நட்டு காடு வளக்குற ஜப்பான் முறை) போடலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. சதுர மீட்டருக்கு மூணு செடின்னு வச்சாலும் ஒரு ஏக்கருக்கு 12,000 செடி, அத்தனைக்கும் ரெண்டு மூணு வருஷம் தண்ணி. நகரத்துல ரெண்டு சென்ட் இடத்துக்கு சரி, மானாவாரி ஏக்கருக்கு பைத்தியக்காரத்தனம்னுதான் சொல்வேன். 12 அடிக்கு ஒண்ணுன்னு வச்சா மொத்த ஏக்கருக்கும் 300 செடிதான், அதுலயும் தானா வந்தது போக உங்களுக்கு நூறு நூத்தம்பதே போதும்.

எந்த மரம்னு தெரிஞ்சுக்க பக்கத்துல இருக்க பழைய கோயில் காட்டுக்குப் போய்ப் பாருங்க. புதுச்சேரிக்கு வடக்க புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு மாதிரி கடலோர மாவட்டத்துல நிறைய மிச்சம் இருக்கு. வீரை, காசா, பாலை, கருங்காலி, நாவல், மகிழம், காட்டு எலுமிச்சை, இதெல்லாம்தான் இந்த மண்ணோட பழைய காடு. ஆனா இதுல பலதும் ரொம்ப மெதுவா வளரும், சின்னதுல நிழல் கேக்கும். அதனால முதல் நடவுல வாகை, உசிலை, புங்கன், வேம்பு, ஆத்தி, சரக்கொன்றை, நறுவிலி. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அதோட நிழல்ல வீரையும் காசாவும் பாலையும். ஆசைப்பட்டு முதல் வருஷமே வீரைய வெட்டவெளில வச்சவங்க அதை கோடைல பறிகொடுத்திருக்காங்க. ஆல், அரசு, அத்தி ஒண்ணு ரெண்டு மூலைல வைங்க, பறவை மத்த விதைய தானா கொண்டு வரும், கிணத்துக்கும் சுவருக்கும் பக்கத்துல மட்டும் வேணாம்.

செடி வனத்துறை நர்சரில விசாரிங்க, 2022ல ஆரம்பிச்ச பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துல இலவசமாவே குடுக்குறாங்க. அஞ்சாறு அடி உயரம் இருக்க செடிய காரு நிறைய ஏத்திட்டு வராதீங்க, பையில அதோட வேர் சுருண்டு போயிருக்கும், ரெண்டடி செடி மூணு வருஷத்துல அதைத் தாண்டிடும்.

குழிய ஆனி ஆடிலயே ஒன்றரை அடி நீள அகல ஆழத்துக்கு வெட்டி ஆற விடுங்க. மேல்மண்ணைத் தனியா வச்சு, அதோட மக்கின எருவும் ரெண்டு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்க. பச்சைச் சாணி போட்டா கரையான் வரும், செம்மண்ல கரையான் வந்தா முதல்ல போறது புதுச் செடியோட வேர்தான். நல்ல ரெண்டு மழை பெஞ்சு மண்ணு ஒரு அடி நனைஞ்சதுக்கு அப்புறம், புரட்டாசி கடைசி இல்ல ஐப்பசில நடுங்க. நட்டதும் மூணு மாசம் மழைத்தண்ணி இலவசம். தை மாசம் விழா மாதிரி கூட்டம் சேத்து நடுற ஆளுங்க அடுத்த வாரத்துல இருந்து தண்ணி தூக்கணும்.

பிளாஸ்டிக் பைய கிழிச்சு எடுத்துட்டு நடுங்க. இதெல்லாம் சொல்லணுமான்னு தோணும், ஆனா பையோட நட்ட செடிய பிடுங்கிப் பாத்திருக்கேன், சொல்லித்தான் ஆகணும்.

10. ரெண்டு கோடை

மாசில இருந்து ஆடி வரைக்கும் தண்ணி. தினம் ஒரு சொம்பு ஊத்துறது கெடுதல், வேர் மேலயே சுத்தும். வாரம் ஒரு தடவை ஒரு குடம் மெதுவா இறங்குற மாதிரி ஊத்துங்க, வேர் தண்ணியத் தேடி கீழ போகும். செடியச் சுத்தி ஒரு சாண் உயரத்துக்கு காஞ்ச இலை, வைக்கோல், கரும்பு சோகைன்னு மூடாக்கு போட்டா பாதி தண்ணி மிச்சம், ஆனா தண்டை ஒட்டி போடாதீங்க, அழுகல் பிடிக்கும்.

போர் இல்லைன்னா டிராக்டர் டேங்கர்தான். நூறு செடிக்கு குடம் 15 லிட்டர்னு வச்சாலே 1,500 லிட்டர், அதை முன்னாடியே கணக்குப் போட்டு செடி எண்ணிக்கைய முடிவு பண்ணுங்க.

மூணாவது கோடைல நிறுத்திடுங்க. அதுக்கு அப்புறமும் தண்ணி கேக்குற மரம் அந்த இடத்துக்கு ஒத்து வரலைன்னு அர்த்தம்.

11. தீ

கோடைத் தீ வர்றது பெரும்பாலும் ரோட்டோரம் போட்ட பீடில இருந்தும் பக்கத்து நிலத்துல கரும்பு சோகை கொளுத்துறதுல இருந்தும். தை முடியறதுக்குள்ள வேலியச் சுத்தி உள்பக்கமா 10 அடி அகலத்துக்கு புல்லைச் செதுக்கி வெறும் தரையா ஆக்குங்க, பங்குனில ஒரு தடவை காஞ்ச சருகைக் கூட்டி விடுங்க. அந்தப் பாதையே உங்களுக்கு நடைபாதையும் ஆச்சு, வேலி எங்க அறுந்திருக்குன்னும் தெரியும். பக்கத்துக்காரர் கொளுத்தப் போறாருன்னா முன்னாடியே ஒரு போன் பண்ணச் சொல்லி வைங்க.

12. பாம்பு

இருக்கும். கண்ணாடி விரியன், சுருட்டை, கட்டுவிரியன், நல்ல பாம்பு நாலும் இந்த மாதிரி நிலத்துல சாதாரணம். முழங்கால் வரைக்கும் பூட்ஸ், கையில டார்ச்சும் குச்சியும், கல்லுக்கும் விறகுக்கும் அடில வெறுங்கைய விடக்கூடாது. கடிச்சா கட்டுப் போடுறது, கீறி விடுறது, பச்சிலை எதுவும் வேணாம், 108க்கு போன் பண்ணி விஷமுறிவு மருந்து இருக்க அரசு ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. எந்த ஆஸ்பத்திரின்னு நிலம் வாங்கின வாரமே விசாரிச்சு வைங்க.

13. நாலாவது, அஞ்சாவது வருஷம்: கழிக்கிறதும் வெட்டுறதும்

இப்ப வாகையும் உசிலையும் தலைக்கு மேல போயிருக்கும், கீழ வீரையும் காசாவும் வெளிச்சத்துக்கு ஏங்கும். நெருக்கமா நிக்கிற வேகமான மரத்துல சிலதை எடுத்து ஆகணும், இந்த இடத்துல மனசு வராம நிறைய பேர் விட்டுடுறாங்க, அப்புறம் எல்லாமே ஒல்லிக்குச்சியா நின்னு புயலுக்கு சாயுது. மழைக்கு முன்னாடி, ஆவணிக்குள்ள கழிச்சு முடிங்க.

உங்க நிலத்து மரம்னாலும் எல்லாத்தையும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. சந்தனம் வளக்கலாம், ஆனா வெட்டுறது வனத்துறை வழியாதான், அதோட ஆள் இல்லாத நிலத்துல சந்தனமும் செம்மரமும் திருடனைக் கூப்பிடுற மாதிரி, நான் வேணாம்னுதான் சொல்வேன். பனைய வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021ல வேளாண் பட்ஜெட்ல சொன்னாங்க. என்ன மரம் எத்தனை இருக்குன்னு விஏஓகிட்ட சொல்லி வருஷா வருஷம் அடங்கல்ல ஏத்தி வைங்க, பின்னாடி வெட்டவோ லாரில ஏத்தவோ வேண்டி வந்தா இது உங்க நிலத்துல வளந்ததுன்னு காட்ட அந்தப் பேப்பர்தான் உதவும்.

வெட்டின கட்டையையும் கிளையையும் கொளுத்தாதீங்க, விறகுக்கும் மொத்தத்தையும் குடுக்காதீங்க. தடிமனானதை மண்ணுல படுற மாதிரி அங்கங்க போட்டு விட்டா கரையான் செடிய விட்டுட்டு அதுக்குப் போகும், ஓணானும் அரணையும் அடில குடியேறும். சுள்ளியெல்லாம் நிலத்துக்கு நடுவுல குவிங்க, வேலியோரம் செதுக்கின தீப்பாதைல இருந்து 30 அடியாவது தள்ளி இருக்கணும், பாதை பக்கம் வச்சா வெளிய இருந்து வர்ற ஒரு பொறி போதும்.